குல்பஹாரில் முடிவைச் சொல்வதில்லை

ஹைதராபாத் அபிட்ஸில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் நுழைந்து ஜெராக்ஸ் கடையையும் பழைய புத்தகக் கடையையும் தாண்டினால் குல்பஹார் தியேட்டர். தியேட்டர் இருந்தது என்றுதான் இனிமேல் சொல்ல வேண்டும். இப்போது அங்கே நீலத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன வரப்போகிறது என்று கேட்டால் ஒருவர் நகைக்கடை என்கிறார், இன்னொருவர் கல்யாண மண்டபம் என்கிறார். எது வந்தால் என்ன? கனகவல்லிக்கு அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

அறுபதுகளில் எழும்பிய கொட்டகை அது. ஆயிரத்து நூறு இருக்கை. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் தமிழ்ப்படம் போடுவார்கள். செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்கள் பஸ் பிடித்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து சேருவார்கள். கனகவல்லியின் குடும்பமும் அப்படி வந்ததுதான். அவளுடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தில் கணக்குப்பிள்ளையாகச் செங்கல்பட்டிலிருந்து வந்தவர். திரும்பிப் போக ஏனோ மறந்துவிட்டார். நான்கு தலைமுறைக்குப் பிறகு அவர்கள் வீட்டுத் தமிழில் பாதி ஹைதராபாத் உருதுதான், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். இருபத்து மூன்று வயதில் கனகவல்லி குல்பஹாரின் பெண்கள் வரிசைக்கு டிக்கெட் கொடுக்க உட்கார்ந்தாள். அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது ஐம்பத்தைந்து.

நடுவில் தியேட்டர் ஒருமுறை செத்துப் பிழைத்தது. மால்களில் புதுப்புதுத் திரைகள் வந்ததும் குல்பஹாரில் வௌவால்தான் படம் பார்த்தது. அப்போதுதான் முதலாளியின் பேரன் சாய்கிருஷ்ணா வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினார். ஆயிரத்து நூறு இருக்கையையும் பிடுங்கி எறிந்துவிட்டு இருநூற்றுப் பத்து சோபா போட்டார். ஒவ்வொரு சோபாவுக்கும் ஒரு குட்டி மேஜை, மேஜையில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் மேஜைக்குக் கீழே சின்ன விளக்கு எரியும். சர்வர் குனிந்தபடியே வந்து காதோரம் என்ன வேண்டும் என்று கேட்பார். படம் ஓட ஓட பிரியாணி. ஊரே சிரித்தது. படத்துக்குப் போகிறோமா பந்திக்குப் போகிறோமா என்று கேலி பேசியது. ஆறு மாதத்தில் அதே ஊர் டிக்கெட் கிடைக்காமல் சிபாரிசு தேடி அலைந்தது.

சாய்கிருஷ்ணாவுக்குக் கட்டடம் தெரியும், சோபா தெரியும். இருட்டில் சாப்பாடு போடுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது கனகவல்லி. டிக்கெட் ஜன்னலிலிருந்து அவளை எழுப்பி அரங்கப் பொறுப்பைக் கொடுத்த முதல் வாரமே ஒரு தாய் மகன் மடியில் உயிரை விடும் காட்சியில் எவனோ அப்பளத்தை நொறுக்கினான். அரங்கம் முழுக்கச் சிரித்துவிட்டது. கனகவல்லிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாளிலிருந்து இடைவேளைக்குப் பிறகு அப்பளம் கிடையாது. எவர்சில்வர் தட்டு கிடையாது. பிரியாணி ஆழமான கிண்ணத்தில்தான் போகும்.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுப்படத்தின் முதல் காட்சியை அவள் கடைசி வரிசையில் நின்றுகொண்டு பார்ப்பாள். கையில் நோட்டு, கைக்கடிகாரம். நாற்பத்தேழாவது நிமிடம், பாட்டு, பிரியாணி போகலாம். அறுபத்திரண்டு, அப்பா சாகிறார், யாரும் உள்ளே போகாதே. எழுபது, சண்டை, என்ன வேண்டுமானாலும் போகலாம். சண்டைக் காட்சிகள் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வரிசை முழுக்கச் சூப் வைத்துவிட்டு வந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் சமையலறையில் அடுப்பே எரியும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. படத்தின் முடிவை வாயைத் திறந்து சொல்லக்கூடாது. ஒரே படத்தை நாற்பது தடவை பார்த்த சர்வரிடம், சாப்பிட்டுக்கொண்டே கண்ணைத் துடைக்கும் அம்மாள் கேட்கத்தான் செய்வாள், அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாளா என்று. "பாருங்க மேடம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. ஒருமுறை ஒரு சர்வர் மனசு கேட்காமல் சொல்லிவிட்டான். கனகவல்லி அவனை ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்தாள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் கொஞ்சமும் முகம் கோணாமல் ஈடுகொடுத்தவள் ரோஸ்லின். லாலாகூடா ரயில்வே காலனிப் பெண். துபாய்க்குப் போன புருஷன் துபாயிலேயே இருந்துவிட்டான். ஒரே மகள் இண்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். இருபத்தெட்டு வயதில் வேலைக்கு வந்த ரோஸ்லின் ஒரே மாதத்தில், நான்கு கிண்ணத்தை ஏந்தி, படிகளில் குனிந்தே ஏறி, ஸ்பூன் சத்தம்கூட வராமல் வைத்துவிட்டு வரக் கற்றுக்கொண்டாள். மேட்னிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவில் இருவரும் திரைக்குப் பின்னால் இருக்கும் மரப்படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். பத்து வருஷமாக இதுதான் வழக்கம். கனகவல்லிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரித் தரையில் பதினோரு ராத்திரி படுத்தவள் ரோஸ்லின்தான். கனகவல்லியின் புருஷன் நாராயணசாமி நல்ல மனிதர், ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கே மயக்கம் வந்துவிடும். பிள்ளை குட்டி கிடையாது. அதனால் கனகவல்லிக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் ரோஸ்லின் இருக்கிறாள், அவ்வளவுதான்.

போன மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை சாய்கிருஷ்ணா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். விஷயம் நல்லதில்லை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவர் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. மாதக் கடைசி ஞாயிறோடு மூடுகிறோம் என்று தெலுங்கில் சொன்னார். இடத்துக்குப் பேச்சு முடிந்துவிட்டதாம். வீட்டிலேயே பெரிய திரை வைத்துக்கொண்டு, போனில் பிரியாணியை வரவழைத்துச் சாப்பிடுகிறவர்களை இனி யார் இங்கே இழுத்து வர முடியும் என்றார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் கடைசியில் ஒன்று கேட்டார் பாருங்கள், அதுதான் வினை. ஆட்களுக்கு இப்போதே தெரிந்தால் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், கடைசி நாள் வரை காட்சி ஓடியாக வேண்டும், மூடுவதற்கு முந்தின நாள் நானே சொல்கிறேன், அதுவரை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

"சரே சார்" என்றாள் கனகவல்லி. மூச்சு விடாமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன?

அன்று மேட்னி முடிந்து மரப்படியில் உட்கார்ந்ததும் ரோஸ்லின் கையைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்தாள்.

"அக்கா, ராமச்சந்திராபுரத்துல அந்தப் பெரிய ஃபேக்டரி இருக்குல்ல, அங்க கேண்டீன் காண்ட்ராக்ட் எடுத்தவங்க ஆள் எடுக்கறாங்களாம். எதிர்வீட்டு அங்கிள் சொன்னாரு. நானும் சும்மா ஒரு அப்ளிகேஷன் போட்டுட்டேன். ஒங்களைக் கேக்காம போட்டுட்டேன், திட்டாதீங்க."

"என்ன வேலை?"

"பரிமாறுற செக்ஷனுக்குச் சூப்பர்வைசர். காலைல எட்டுலேர்ந்து நாலு. கம்பெனி பஸ் செகந்திராபாத்லயே ஏத்திக்குமாம். தெரிஞ்சவங்க பேர் ஒண்ணு எழுதச் சொன்னாங்க. ஒங்க பேரும் நம்பரும்தான் எழுதினேன். வேற யார் இருக்கா எனக்கு?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கெடச்சா போகவாக்கா? இங்க நல்லாத்தானே போய்ட்டிருக்கு. நக்கோன்னு சொல்லிடவா?"

ஒரு வார்த்தை போதும். போ என்று ஒரே ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ரோஸ்லின் காரணம் கேட்கிறவளும் இல்லை.

"பொறு. என்ன அவசரம்? மொதல்ல அவங்க கூப்பிடட்டும்" என்றாள் கனகவல்லி.

"ஹவ், அதுவும் சரிதான்" என்று ரோஸ்லின் டப்பாவைத் திறந்தாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கனகவல்லியின் போன் அடித்தது. வெங்கடராமன் என்று ஒருவர், கேண்டீன் ஆபீஸிலிருந்து, நல்ல தமிழில் பேசினார். ரோஸ்லின் எப்படி, கைசுத்தம் எப்படி என்று விசாரித்தார். கனகவல்லி தங்கமான பெண் என்றாள். அது உண்மை. திங்கட்கிழமையே வந்து சேர வேண்டியிருக்கும் அம்மா, வருவாங்களா என்று கேட்டார்.

திங்கட்கிழமை என்றால் இன்னும் நான்கு நாள். குல்பஹாருக்குப் பதினேழு நாள் பாக்கி. அன்று ஓடிக்கொண்டிருந்த படத்தில் இடைவேளைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அழுகைதான், சந்தடி செய்யாமல் உள்ளே போய்வர ரோஸ்லினை விட்டால் ஆள் இல்லை. இதையெல்லாம் அவள் அந்த நொடியில் யோசித்தாள் என்று சொன்னால் அது பின்னால் அவளே தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த நொடியில் அவள் கண்ணில் தெரிந்தது மரப்படிதான். அதில் தான் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது.

"அவ இங்கயே நெலைச்சுட்டா சார். வருவான்னு எனக்குத் தோணலை" என்றாள்.

"அப்படியா, அடுத்த ஆளைப் பார்க்கறோம்" என்று அவர் போனை வைத்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

முதலாளிக்குக் கொடுத்த வாக்குக்காகச் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாக்கைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவள் வாயைத் திறந்து ஒருத்தியின் சோற்றைத் தட்டிவிட்டாள். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு அன்று மாலைக் காட்சியையும் நடத்தினாள்.

அடுத்த வாரம் ரோஸ்லின் சொன்னாள், "போன் வரவேயில்லைக்கா. என்னை எடுக்கலை போல. நமக்கெல்லாம் சூப்பர்வைசர் வேலை குடுப்பாங்களா?"

"விடு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள் கனகவல்லி. அன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயில் என்றாள். ரோஸ்லின் ஓடிப்போய் மோர் கலந்து கொண்டுவந்தாள்.

சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பாள். மாலைக் காட்சிக்கு மணி அடித்துவிடும். அல்லது அடிக்காமலே அடித்ததாக நினைத்துக்கொள்வாள்.

கடைசிச் சனிக்கிழமை சாய்கிருஷ்ணா எல்லோரையும் சமையலறையில் கூட்டிச் சொன்னார். நாற்பத்திரண்டு பேர். ஒருவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ரோஸ்லின் அழவில்லை, நேரே கனகவல்லியிடம் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க உக்காருங்க. ஒங்களுக்கு முப்பது வருஷம்" என்றாள். தனக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்தப் பைத்தியக்காரிக்கு அப்போதுகூடத் தோன்றவில்லை.

ஞாயிறு மேட்னிதான் கடைசிக் காட்சி. மாலையில் சாவியைக் கொடுக்க வேண்டும். விஷயம் பரவி, சந்து கொள்ளாத கூட்டம். பத்து வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள் எல்லாம் வந்து, எங்கள் குல்பஹார், எங்கள் குல்பஹார் என்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் இவர்களில் பாதிப் பேர் வந்திருந்தால் மூடியே இருக்க வேண்டாம். ஒரு அம்மாள் உள்ளே நுழையும்போதே அழ ஆரம்பித்து, ரொட்டி இனிப்பான டபுள் கா மீட்டாவை மூன்று கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கனகவல்லிக்கு எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல இருந்தது. ஆனாலும் நோட்டைப் பார்த்து, நிமிடம் பிசகாமல், அழுகைக் காட்சியில் ஒரு ஆளையும் உள்ளே விடாமல் நடத்தி முடித்தாள். விளக்கு எரிந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் கதவோரம் நின்று அழுதாள். முப்பத்திரண்டு வருஷம் இருந்த இடம், அழாமல் என்ன செய்வாள்? பக்கத்தில் ரோஸ்லினும் அழுதாள். இருவர் அழுகையும் ஒன்றல்ல என்று கனகவல்லிக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ரோஸ்லின் ஏறி இறங்காத ஹோட்டல் இல்லை. பேகம்பேட்டில் ஒரு ஆபீஸ் கேண்டீனில் நாற்பதை நெருங்குகிறவளா என்று முகத்துக்கு நேரே கேட்டார்களாம். மகளின் கம்ப்யூட்டர் வகுப்பு நின்றது. காலையில் இரண்டு வீட்டில் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் போனில் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கக் கேட்கக் கனகவல்லிக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் ஒருநாள், "கெளம்பு, ராமச்சந்திராபுரத்துக்கு நேர்லயே போய்க் கேப்போம்" என்றாள்.

மே மாத வெயில். பஸ்ஸில் ஒன்றேமுக்கால் மணி நேரம். ஃபேக்டரி கேட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. ரோஸ்லின் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கேண்டீன் ஆபீஸ் வாசலில் கனகவல்லி ரோஸ்லினை முன்னால் விட்டுப் பின்தங்கினாள். வெங்கடராமன் அங்கே இருந்தால், குரலை வைத்தோ பேரை வைத்தோ கண்டுபிடித்துவிட்டால்? கண்டுபிடிக்கட்டும், அதற்குத்தானே வந்தோம் என்றும் இருந்தது, கடவுளே வேண்டாம் என்றும் இருந்தது.

வெங்கடராமன் இல்லை. போன வாரம் மாற்றலாகிப் போய்விட்டாராம். அவர் நாற்காலியில் தேஜஸ்வினி என்று ஒரு பெண் இருந்தாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இடமெல்லாம் ஏப்ரலிலேயே நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் பாருங்கள் என்று தெலுங்கில் மரியாதையாகவே சொன்னாள். பழைய விண்ணப்பங்கள் இருக்கின்றனவா என்று ரோஸ்லின் கேட்டாள். அதெல்லாம் அவர் போகும்போதே கிழித்துப் போட்டுவிட்டார் என்றாள்.

ஆக, அந்தப் போன் விஷயம் தெரிந்தவர் யாரும் இனி இல்லை. கனகவல்லி தப்பித்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. ரோஸ்லின் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். "சாப்பிடுங்கக்கா, காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலை நீங்க."

கனகவல்லி ஒரு வாய் எடுத்தாள்.

"வேலை கெடக்கட்டும்க்கா. கூடப்பொறந்தவ இதே ஊர்ல இருக்கா. தியேட்டர் மூடின அன்னிக்கு ஒரு போன் பண்ணலை. நீங்க இந்த வெயில்ல, இந்த ஒடம்போட, எனக்காக ரெண்டு பஸ் மாறி வந்து ஒருத்தி முன்னாடி நின்னீங்க பாருங்க. எனக்கு அது போதும்."

இதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ரோஸி. அந்த ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு."

"எப்பக்கா?"

"அப்பவே. எனக்கு வந்துச்சு. திங்கக்கெழமை ஒன்னைச் சேரச் சொன்னாங்க. நீ வரமாட்டேன்னு நான் சொல்லிட்டேன்." நிறுத்தினால் மறுபடி வராது என்று அவளுக்குத் தெரியும். "தியேட்டரை மூடப்போறாங்கன்னும் எனக்கு அப்பவே தெரியும்."

பஸ் கூகட்பள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து மூடினாள்.

"கைக்கு?" என்று உருதுவில் கேட்டாள். பிறகு, கனகவல்லிக்குக் கேட்கவில்லை என்று நினைத்தவள் மாதிரி, அதையே தமிழில் "எதுக்குக்கா?" என்றாள்.

"கடைசி வரைக்கும் நீ என் கூட இருக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்லை. சத்தியமா வேற ஒண்ணும் இல்லை."

அமீர்பேட்டில் கூட்டம் ஏறியது. யாரோ இடித்தார்கள், அவள் நகரவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இதை ஏன் சொன்னீங்க?"

"மறைக்க முடியலை ரோஸி."

"இத்தனை நாள் முடிஞ்சுதே." சத்தமே இல்லாமல் அழுதாள், பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரியாது. "இன்னும் கொஞ்ச நாள் மறைச்சிருக்கலாம்ல? சாவற வரைக்கும் மறைச்சிருக்கலாம்ல? வேலை போனா தேடிக்குவேன். தேடிட்டுத்தானே இருக்கேன். அக்காவை எங்க போய்த் தேடறது நான்?"

கனகவல்லி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ரோஸ்லின் உதறவில்லை. அந்தக் கையை மெதுவாக எடுத்து, கனகவல்லியின் மடியிலேயே வைத்துவிட்டாள்.

பேகம்பேட்டில் பஸ் நின்றது. ரோஸ்லின் எழுந்து, கூட்டத்தில் வழி கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் வீடு இருக்கும் லாலாகூடாவுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.